கூரைக்கடியில் ஒரு சாண்

நவம்பர் 3

காலை 9 டிகிரி.

காட்டெருமை வந்து கோழிக்கொட்டகையை உடைத்துவிட்டுப் போயிருக்கிறது. உடைக்க வேண்டும் என்று வந்திருக்காது. முதுகு அரித்திருக்கும், சாய்ந்து தேய்த்திருக்கும். கொட்டகையோ பதினைந்து வருஷத்துப் பழசு. சேவலோடு சேர்த்துப் பன்னிரண்டும் பிழைத்துக்கொண்டன. சேவலைத் தேடியே பாதி நாள் போயிற்று. பேரி மரத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. இவர் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தது சரிதான்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் நஞ்சுண்டன். ஊட்டிக்குப் பக்கத்தில் கிழங்குப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன ஜனவரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். தினமும் காலையில் பேரி மரத்தில் தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து டைரியில் ஒரு வரி எழுதுவது அவர் வழக்கம். உரக்கடைக்காரர் பழக்கத்தில் இந்த வருஷமும் ஒரு டைரி கொடுத்துவிட்டார். பத்து மாதம் காலியாகக் கிடந்தது. வீணாக்குவானேன் என்று நான் எழுதுகிறேன். எனக்கு ஒரு வரியில் நிற்காது.

டிசம்பர் பிறந்தால் இங்கே புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். அதற்குள் புதுக் கொட்டகை போட வேண்டும். கோழிகளை இப்போதைக்குக் குளியலறையில் அடைத்திருக்கிறேன். நான் குளிக்க முடியவில்லை.

நவம்பர் 5

8 டிகிரி.

உட்கார்ந்து படம் போட்டேன். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், முன்பக்கம் ஆறடி உயரம், பின்பக்கம் ஐந்தடி. தகரக் கூரை. பழைய கொட்டகையில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு வலை அடித்திருந்தார் இவர். முன்னும் பின்னும் காற்று விசுவிசுவென்று போகும். கோழிகள் பாவம் என்று நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சிரிப்பார். சிரித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

என் கொட்டகையில் ஒரு ஊசி நுழையாது. பள்ளிக்கூட விடுதியில் இருபத்தாறு வருஷம் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள் நான். எதை எப்படி மூடினால் சூடு நிற்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

நவம்பர் 9

தச்சு வேலைக்குப் பாஷா பாய் வந்தார். பலகை அறுக்கும்போதே என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே ஒரு சாண் விடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அரைச் சாண் என்றார். வேண்டாம் என்றேன். பலகையைக் கீழே வைத்துவிட்டு, எனக்காகக் கேட்கவில்லை, கோழிக்காகக் கேட்கிறேன் என்றார். கோழியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவர் பாதி டீயை வைத்துவிட்டு அறுக்கப் போய்விட்டார்.

நவம்பர் 12

7 டிகிரி.

மேட்டுப்பாளையத்திலிருந்து தனபால் பேசினான். என் ஒரே மகன். அப்பாவின் வருஷத் திதி ஜனவரி இரண்டாம் தேதி வருகிறதாம். முதல் நாளே வந்துவிடுவதாகச் சொன்னான். கொஞ்சம் நிறுத்தி, “வாணியும் வர்றாம்மா” என்றான். வரட்டும் என்றேன்.

கோகிலவாணி என் மருமகள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வருஷமாக அவள் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று ஊருக்கே தெரியும். எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

நவம்பர் 14

கொட்டகை முடிந்தது. பலகைச் சந்துகளில் சாக்கைத் திணித்து, வெளியே கட்சிக்காரர்கள் விட்டுப்போன பிளெக்ஸை இரண்டு சுற்றுச் சுற்றி, அதற்கு மேல் தார்ப்பாய். தரையில் அரையடி மரத்தூள். கதவுக்கு ரப்பர் பட்டை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்று பார்த்தேன். கும்மிருட்டு, வெதுவெதுப்பு. எனக்கே அங்கே படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நவம்பர் 22

4 டிகிரி. கோழிகள் சுகம். முட்டை ஆறு.

இன்று பெரிய அறையைக் கூட்டினேன். இவர் படுத்திருந்த அறை. ஜன்னல்களில் நான் ஒட்டிய பேப்பரும் பிளெக்ஸும் ஒரு ஜன்னலில் அப்படியே இருக்கின்றன, இன்னொன்றில் கிழிந்து தொங்குகின்றன. கிழித்தவள் வாணி.

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிடுகிறேன். போன ஜனவரியில் இவருக்கு ஒரு வாரமாக இருமல். குளிர் ஆகவே ஆகாது என்று நான் அறையை நன்றாக அடைத்துக் கொடுத்தேன். எனக்கு எப்போதும் அடுப்படியில் படுத்தால்தான் தூக்கம் வரும். பொங்கல் லீவுக்கு மகனும் மருமகளும் பதினொன்றாம் தேதியே வந்துவிட்டார்கள், கூடத்தில் படுத்தார்கள். மறுநாள் காலை இவருக்குக் காபி கலந்துகொண்டிருக்கிறேன், பெரிய அறையில் தடதடவென்று சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு ஜன்னலும் கதவும் விரியத் திறந்து கிடக்கின்றன. பனிக்காற்று நேராக இவர் மேல் அடிக்கிறது. வாணி அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவர் போய்விட்டார்.

வெதுவெதுப்பில் இருந்த உடம்பு. திடீரென்று அப்படி ஒரு குளிர் தாக்கினால் என்ன ஆகும்? வந்த டாக்டர், இவருக்கு எழுபத்தொரு வயசு, மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. தூங்குகிற மாதிரியே இருக்கிறார் என்றுதான் வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அத்தனை பேர் முன்னாலும் நான் வாணியைப் பார்த்து, “ஜன்னலைத் திறந்து கொன்னுட்டியேடி” என்றேன். அவள் பதில் பேசவில்லை. தப்பில்லை என்றால் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டாமா?

அந்தக் களேபரத்திலும் அவளுக்கு வீடு சுத்தம் செய்யத் தோன்றியிருக்கிறது. அறையில் சூட்டுக்கு வைத்திருந்த கரிச்சட்டியைக் காணோம்.

டிசம்பர் 2

3 டிகிரி.

கொட்டகைக் கதவைத் திறந்தால் கண் எரிகிறது. எச்ச நெடி. மரத்தூளைக் கிளறிவிட்டேன். உள்பக்கத் தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மழையே இல்லை, தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தேன். ஒரு ஓட்டையும் இல்லை. இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது.

டிசம்பர் 4

2 டிகிரி. முட்டை இரண்டு. வெள்ளச்சி தும்முகிறது. கோழி தும்மி இன்றுதான் பார்க்கிறேன்.

டிசம்பர் 6

1 டிகிரி.

மேஸ்திரியின் கொண்டை நுனி கறுத்துவிட்டது. கூடையில் போட்டுப் பஸ்ஸில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். புது டாக்டர், மெர்லின் என்று ஒரு பெண். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறாள். சேவலைப் பார்ப்பதற்கு முன்னால் கொட்டகையைப் பற்றிக் கேட்டாள். நான் பெருமையாகச் சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“குளிரைக் கோழி தாங்கிக்கும்மா. இறகு இருக்கு. ஈரத்தைத்தான் தாங்காது. பன்னெண்டு கோழி விடிய விடிய மூச்சு விடுது, எச்சம் போடுது. அந்த ஈரம் எங்க போகும்? கொண்டையில உக்காந்து உறையுது.”

கீழே காற்றுப் படாமல் பலகை இறுக்கமாக இருக்கட்டும், கோழி உட்காரும் கழிக்கு மேலே, கூரைக்கடியில் இரண்டு பக்கமும் திறந்து விடுங்கள், சூடான கெட்ட காற்று மேலே ஏறிப் போய்விடும் என்றாள். காகிதத்தில் படமும் போட்டுக் கொடுத்தாள். இவர் போட்ட பழைய கொட்டகைதான் அது.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். குளிர்காலத்தில் ஓட்டை போடச் சொல்கிறாள். அவள் பிறந்து இருபத்தைந்து வருஷம்கூட ஆகியிருக்காது. படத்தை மடித்து டைரிக்குள் வைத்திருக்கிறேன். கொண்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

டிசம்பர் 10

1 டிகிரி. தார்ப்பாய் இன்னொரு சுற்று.

டிசம்பர் 17

0 டிகிரி. புல் முழுக்க வெள்ளை.

கதவோரம் பலகையை எலி கடித்து ஓட்டை போட்டிருக்கிறது. கை நுழையும். நாளைக்குத் தகரம் வைத்து அடிக்க வேண்டும். தும்மல் இப்போது ஐந்து கோழிக்கு. சூடு பற்றவில்லை, அதுதான் விஷயம். அந்த டாக்டர் பெண்ணுக்கு இது புரியவில்லை.

பெரிய அறைக்குப் புதுப் போர்வை வாங்கினேன். மகனும் மருமகளும் வந்தால் அங்கேதானே படுக்க வேண்டும். கிழிந்த ஜன்னலுக்கு மறுபடியும் பிளெக்ஸ் ஒட்டிவிடலாம் என்று பசை காய்ச்சினேன். இரவுக்கு ஒரு கரிச்சட்டியும் வைத்துவிட்டால் யாரும் குளிர் என்று குறை சொல்ல முடியாது. அவள் திறந்தால் திறக்கட்டும். நான் செய்ய வேண்டியதை நான் செய்துவிடுவேன்.

டிசம்பர் 19

0 டிகிரி.

ஒரு வருஷமாகக் காணாமல் போயிருந்த கரிச்சட்டி கிடைத்துவிட்டது. விறகு அடுக்குக்குப் பின்னால், நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் சுத்தம் செய்த லட்சணம். கரி வாங்கி வந்தேன். சாயங்காலம் நன்றாகக் கனிந்து சாம்பல் பூத்ததும், கொட்டகை நடுவில் நாலு செங்கல் வைத்து, மேலே வலை மூடி, சட்டியை வைத்துக் கதவைச் சாத்தினேன். புகை துளிகூட இல்லை. கோழிகள் உடனே சத்தம் அடங்கி உட்கார்ந்துகொண்டன. எனக்கு நிம்மதி.

எலி ஓட்டையை அடைக்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 20

மைனஸ் 1. ஏழு கோழி.

டிசம்பர் 21

மைனஸ் 1.

நேற்று எழுத முடியவில்லை. கழியில் உட்கார்ந்திருந்த ஆறு கோழியும் மேஸ்திரியும் கீழே விழுந்து கிடந்தன. எலி ஓட்டைப் பக்கம் தரையில் ஒண்டிக்கொண்டிருந்த ஐந்து மட்டும் பிழைத்தன, வெள்ளச்சியும் அதில் ஒன்று. தும்முகிறது என்று மற்றவை அதைக் கழியில் ஏற விடுவதில்லை.

குளிரில்தான் செத்தன என்று நினைத்தேன். மேஸ்திரியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனேன். மெர்லின் கொண்டையைப் பிடித்துப் பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள். நுனி கறுப்புப் போக மீதிக் கொண்டை செம்பருத்திப் பூ மாதிரி சிவந்திருந்தது. உயிரோடு இருந்தபோதுகூட அத்தனை சிவப்பு இல்லை.

“குளிர்ல செத்தா இப்படி இருக்காதும்மா. உள்ள கரி வெச்சீங்களா?”

இல்லை என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “மூடின இடத்துல கரி கனிஞ்சா ஒரு விஷக்காத்து வரும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. மூச்சு வழியா ரத்தத்துல போய் உக்காந்துக்கும். போன பிறகும் உடம்பு இப்படிச் செவப்பாவே நிக்கும். பாக்குறவங்க தூங்குதுன்னுதான் நினைப்பாங்க. வருஷா வருஷம் இந்த ஊர்ல மனுஷங்களே இப்படிப் போறாங்க.”

சரி என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மார்க்கெட்டில் பீட்ரூட் நன்றாக இருந்தது. மேஸ்திரியைப் பேரி மரத்தடியில் புதைத்தேன்.

டிசம்பர் 22

0 டிகிரி.

டிசம்பர் 23

1 டிகிரி.

கரி வைத்தேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். கோழிக்குத்தானே வைத்தேன். அதற்கு ஏன் பொய் சொன்னேன்?

டிசம்பர் 24

0 டிகிரி. சாப்பிடவில்லை. பசி இல்லை.

டிசம்பர் 26

1 டிகிரி.

பாஷா பாயைக் கூப்பிட்டு விட்டேன். டாக்டர் போட்ட படத்தைக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, இது நம்ம ஐயா போட்ட கணக்காச்சே என்றார். ஆமாம் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தார்ப்பாயை உரித்தோம், பிளெக்ஸை உரித்தோம், திணித்த சாக்குகளைப் பிடுங்கினோம். ஈரத்தில் சாக்கெல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. கூரையைத் தூக்கி முன்னாலும் பின்னாலும் ஒரு சாண் இடைவெளி விட்டு வலை அடித்தார். சாரல் அடிக்காமல் தகரத்தை முன்னால் நீட்டிவிட்டார். உட்காரும் கழியை இரண்டடி கீழே இறக்கி, உருட்டுக் கழிக்குப் பதிலாகப் பட்டைப் பலகை போட்டார். அப்போதுதான் கோழி தன் காலை இறகுக்குள் மூடி உட்காருமாம். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை மட்டும் பலகைச் சந்துகளை இறுக்கி அடைத்தார்.

முடிந்ததும் உள்ளே போய் நின்றேன். தலைக்கு மேலே காற்று போகிறது. முகத்தில் படவில்லை. நெடி இல்லை.

நான் முன்னாடியே சொன்னேனே என்று பாய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. இரண்டாவது டீயை மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

டிசம்பர் 28

மைனஸ் 1. கொட்டகைக்குள் தகரம் காய்ந்திருக்கிறது. ஒரு சொட்டு இல்லை. ஐந்தும் சுகம்.

இவருடைய போன வருஷத்து டைரி அலமாரியில் மேல் தட்டில் இருந்தது. ஒரு வருஷமாக நான் அதைத் தொடவில்லை. இன்று எடுத்தேன். அப்போது புது டைரி வரவில்லை, இதன் கடைசி வெற்றுத் தாள்களில் ஜனவரி பதினொரு நாள் எழுதியிருக்கிறார். கடைசி நாலு வரியை இங்கே எழுதி வைக்கிறேன்.

“8: 2 டிகிரி. சம்பூர்ணம் அறையை அடைத்துக் கரி வைத்தாள். நல்ல சூடு.”

“9: 1 டிகிரி. காலையில் தலை கனம்.”

“10: 1 டிகிரி. தலைவலி, வாந்தி வருகிற மாதிரி. வெளியே வந்து நின்றால் சரியாகிறது.”

“11: 0 டிகிரி. மறுபடியும் தலைவலி. சம்பூவிடம் சொல்லவில்லை. எனக்காக இவ்வளவு பாடுபடுகிறாள். பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்.”

பெரிய அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஜன்னல் இரண்டு, கதவு ஒன்று. மூன்றையும் அடைத்தவள் நான். பதினொன்றாம் தேதி கூடுதல் குளிர் என்று இரண்டு கை கரி அதிகமாகப் போட்டேன்.

ஐயோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இவர். சொன்னால் நான் கேட்டிருப்பேனா? கேட்டிருக்க மாட்டேன். குளிரில் கிடந்து சாகப் போகிறீர்களா என்று கத்தியிருப்பேன்.

டிசம்பர் 30

0 டிகிரி.

பெரிய அறை ஜன்னல்களில் இருந்த பேப்பர், பிளெக்ஸ், பசை எல்லாவற்றையும் சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டி எடுத்தேன். விரல் நகம் இரண்டு போயிற்று. காய்ச்சிய பசையைக் குப்பையில் கொட்டினேன். கரிச்சட்டியை உடைக்கலாம் என்று கல்லைத் தூக்கினேன். பிறகு உடைக்காமல் இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தேன். அதைப் பற்றி ஒருத்தியிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜனவரி 1

0 டிகிரி. உரக்கடைக்காரர் புது டைரி இன்னும் தரவில்லை. கடைசியில் இருக்கும் வெற்றுத் தாளில் எழுதுகிறேன்.

மத்தியானம் வந்தார்கள். வாணி இளைத்திருக்கிறாள். நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள், நான் தலையை ஆட்டினேன். தனபால் திதிக்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போனான். அவள் பையை வைத்துவிட்டுத் தானாகவே கொட்டகைப் பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன். கூரைக்கடியில் விட்ட இடைவெளியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கோழி ஏன் ஐந்துதான் இருக்கிறது என்று கேட்டாள். ஏழு செத்துவிட்டது என்றேன். எப்படி என்றாள். உள்ளே கரி வைத்தேன் என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. வெள்ளச்சியைத் தூக்கி வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

“அன்னைக்கு அந்தச் சட்டியை நீதானே எடுத்தே?” என்று கேட்டேன்.

வெள்ளச்சியைக் கீழே விட்டுவிட்டுச் சொன்னாள். காபிக்கு முன்னால் மாத்திரை கொடுக்கலாம் என்று உள்ளே போனாளாம். அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் இதுபோல இரண்டு பேரைப் பார்த்திருக்கிறாள். ஜன்னலைப் பிய்த்துத் திறந்து, நெஞ்சை அமுக்கிப் பார்த்திருக்கிறாள். உடம்பு எப்போதோ விறைக்க ஆரம்பித்திருந்தது. பிறகு ஊர் கூடியபோது கரியைப் பேரி மரத்துக்குப் பின்னால் கொட்டி மண்ணைத் தள்ளி, சட்டியைக் கழுவி விறகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். தனபாலிடம்கூடச் சொல்லவில்லை.

“ஏன்டி சொல்லல? அத்தனை பேர் முன்னாடி உன்னைக் கொலைகாரின்னு சொன்னேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே.”

“நீங்க என்னைத் திட்டினா நான் மேட்டுப்பாளையம் போயிருவனுங்க அத்தை. உங்களையே நீங்க திட்டிக்கிட்டு இந்த வீட்ல தனியா இருந்தா, எங்க போவீங்க?”

மரத்தூள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் உட்கார்ந்தாள். நான் அழுதேன். இவர் போன அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை. அன்றைக்குக் கத்துவதற்கு இவள் கிடைத்துவிட்டாள், அதில் அழுகை நின்றுவிட்டது. சேலை முழுக்கத் தூள். அவள்தான் தட்டிவிட்டாள்.

ஜனவரி 2

1 டிகிரி.

திதி நல்லபடியாக முடிந்தது. இருபது பேர் சாப்பிட்டார்கள். பெரிய அறையில்தான் இலை போட்டோம். ஜன்னல் இரண்டும் ஒரு சாண் திறந்திருந்தது, நான்தான் திறந்து வைத்திருந்தேன்.

பந்தியில் என் நாத்தனார் குஞ்சம்மாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாணி ரசம் ஊற்ற வரும்போது சொன்னாள்: “ஜன்னலைச் சாத்தும்மா. போன வருஷம் ஒருத்தரைத் தூக்கினது போதும்.”

எல்லார் கையும் இலையில் நின்றது. வாணி ரச வாளியோடு அப்படியே நின்றாள். ஒரு வருஷமாக இந்தப் பேச்சை இவர்கள் வாயில் போட்டவள் நான். குஞ்சம்மாளைச் சொல்லிப் பயனில்லை.

நான் அப்பளத் தட்டைக் கீழே வைத்தேன். “அண்ணி, அது திறந்தே இருக்கட்டும். அவரைக் கொன்னது ஜன்னல் இல்லை. நான் அறையை அடைச்சுக் கரி வெச்சேன். அந்தக் காத்துதான் கொன்னுச்சு. இவ திறந்தது அவரைக் காப்பாத்த. இத்தனை நாளா நான் சொன்னது தப்பு.”

அவ்வளவுதான் சொன்னேன். குஞ்சம்மாள் சால்வையைச் சரிசெய்தாள். யாரோ மோர் கேட்டார்கள். தனபால் இலையிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டான். வாணி அவன் பின்னால் போகாமல் ரசத்தை ஊற்றி முடித்தாள். பிறகு அப்பளத் தட்டையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

ஜனவரி 3

மைனஸ் 1. ஐந்து கோழி. ஒரு முட்டை, இருபது நாளைக்கப்புறம். வெள்ளச்சியினுடையது.

தனபால் இன்னும் என்னோடு பேசவில்லை. காலையில் பேரி மரத்துப் பின்னால் போய் ரொம்ப நேரம் நின்றான். கொடுத்த காபியைக் குடித்தான். வாணி, பேசுவாருங்க, கொஞ்சம் விடுங்க என்றாள். பேசாவிட்டாலும் நான் கேட்க முடியாது. அவனுக்கு அப்பா.

அவர்கள் பெரிய அறையில்தான் படுத்தார்கள். ஜன்னல் திறந்தே இருந்ததாம். குளிரவில்லையா என்று வாணியைக் கேட்டேன். குளிர்ந்தது அத்தை, இன்னொரு போர்வை இருந்தால் கொடுங்கள் என்றாள். இவர் போர்வையை எடுத்துக் கொடுத்தேன். பொங்கல் வரை இருப்பதாகச் சொல்கிறாள்.

இவருடைய டைரியில் ஜனவரி 12-க்கு வரி இல்லை. அன்றைக்குத் தெர்மாமீட்டரை யாரும் பார்க்கவில்லை. தினமும் ஒரு வரி என்று இருந்த மனுஷருக்கு அந்த நாள் விட்டுப்போகக் கூடாது. சற்று முன் எடுத்து எழுதினேன்:

“12: குளிர் எவ்வளவு என்று தெரியாது. அடைத்தது சம்பூர்ணம். திறந்தது வாணி.”